பழைய ஆபிஸ் கோப்புகள் திறக்க மறுத்தால்: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கோப்பு திறக்கவில்லை என்றதும் "கெட்டுப்போய்விட்டது" என்று முடிவுகட்டி, ரிப்பேர் மென்பொருள் தேடக் கிளம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெரும்பாலான நேரம் கோப்புக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பெயரில் ஒரு எக்ஸ்டென்ஷன் (கடைசியில் வரும் .டாக் போன்ற ஒட்டு) இருக்கும், உள்ளே வேறொரு ஃபார்மட் இருக்கும். அல்லது புதிய ஆபிஸ் பாதுகாப்புக் காரணத்துக்காக அதை வேண்டுமென்றே தடுத்திருக்கும். திரையில் வரும் பிழைச்செய்தி இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்வதில்லை. அதனால் உள்ளே இருப்பது என்ன என்று முதலில் பார்த்துவிட வேண்டும். மருந்து அதற்குப் பிறகுதான்.

தொடங்கும் முன்

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். தனி ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, அதில் நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கோப்பு 3.5 அங்குல ஃபிளாப்பியில் இருந்தால், அதன் மூலையிலுள்ள சிறு தாழைத் தள்ளித் துளை தெரியும்படி வைத்துவிட்டு டிரைவில் போடுங்கள். துளை திறந்திருந்தால் அந்த வட்டில் எதையும் எழுத முடியாது. பென் டிரைவ், சிடி எதுவானாலும் முதலில் ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்த பிறகே திறக்க வேண்டும். நேரடியாக அங்கிருந்தே திறந்தால், பாதியில் வாசிப்புப் பிழை வந்து ஆபிஸ் அதைக் கோப்பின் கோளாறாகக் காட்டிவிடும்.

அடுத்து, அளவைப் பாருங்கள். 0 பைட் என்றால் உள்ளே எதுவும் இல்லை. எந்த மென்பொருளும் அதிலிருந்து எதையும் எடுத்துத் தராது. பெயர் ~$ என்று தொடங்கி அளவு 162 பைட் என்றால் அது உங்கள் ஆவணமே அல்ல. வேர்ட் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது "இதை இன்னார் பயன்படுத்துகிறார்" என்று எழுதி வைக்கும் தற்காலிகக் குறிப்பு அது. எக்ஸெல் உருவாக்குவது 165 பைட். பழைய சிடிகளில் இவை மட்டும் நகலாகி, மூல ஆவணம் விட்டுப்போயிருப்பது அடிக்கடி நடக்கும்.

ஆன்டிவைரஸ் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். மேக்ரோ (ஆவணத்துக்குள் இருக்கும் சிறு நிரல்) வைரஸ்களின் பொற்காலம் 1990களின் பிற்பகுதி. 1999இல் பரவிய மெலிசா ஒரு வேர்ட் ஆவணமாகத்தான் வந்தது. அந்தக் காலத்து .டாக் கோப்புகளில் இத்தகையவை இன்றும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

படி 1: உள்ளே இருப்பது என்ன ஃபார்மட்?

விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்தே வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10இல் வியூ தாவலிலேயே அந்தக் கட்டம் இருக்கும். இதைச் செய்ததும் சில மர்மங்கள் தானாகவே விலகும். "அறிக்கை.டாக்" என்று நினைத்தது உண்மையில் "அறிக்கை.டாக்.டிஎக்ஸ்டி" ஆக இருக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் என்பது வெறும் ஒட்டுச்சீட்டு. யார் வேண்டுமானாலும் மாற்றி ஒட்டலாம். உள்ளே இருப்பதைச் சொல்வது கோப்பின் முதல் சில பைட்டுகள். பார்ப்பதற்குச் சிறப்பு மென்பொருள் எதுவும் தேவையில்லை. நகலை நோட்பேடில் திறந்து முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள். மீதி முழுக்கக் குப்பை எழுத்துகளாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் மூடும்போது எக்காரணம் கொண்டும் சேவ் செய்துவிடாதீர்கள். நோட்பேட் அதை எழுத்துக் கோப்பாகத் திருப்பி எழுதி, உண்மையிலேயே கெடுத்துவிடும்.

தொடக்கத்தில் தெரிவதை வைத்து இப்படிப் பிரிக்கலாம்:

- குறுக்குக் கோடு போட்ட டி, அடுத்துத் தலையில் இரண்டு புள்ளி வைத்த ஐ: இது ஓஎல்இ பெட்டகம், அதாவது பல உள்ளறைகளை ஒரே கோப்பில் அடக்கும் மைக்ரோசாஃப்டின் பழைய அமைப்பு. 97 முதல் 2003 வரையிலான .டாக், .எக்ஸ்எல்எஸ், .பிபிடி எல்லாம் இதுதான். பைட்டுகளை எண்குறிகளாகக் காட்டும் ஹெக்ஸ் வியூவரில் பார்த்தால் டி0 சிஎஃப் 11 ஈ0 என்று தொடங்கும். "டாக்ஃபைல்" என்ற ஆங்கிலச் சொல்லை ஹெக்ஸ் இலக்கங்களாலேயே எழுதிப் பார்த்த நிரலாளர் குறும்பு அது.
- பிகே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்: ஜிப் பெட்டகம். ஆபிஸ் 2007இல் வந்த .டாக்எக்ஸ், .எக்ஸ்எல்எஸ்எக்ஸ், .பிபிடிஎக்ஸ் எல்லாம் இந்த வகை. ஓப்பன் டாக்குமென்ட் வகையான .ஓடிடி, .ஓடிஎஸ் கோப்புகளும் இதே.
- நெளிவு அடைப்புக்குறி, பின்சாய்வுக் கோடு, ஆர்டிஎஃப்: பெயர் .டாக் என்றிருந்தாலும் உள்ளே ரிச் டெக்ஸ்ட். வேர்ட் உட்பட எதிலும் திறக்கும்.
- சிறுமைக்குறியும் அதையடுத்து எச்டிஎம்எல் அல்லது டேபிள் என்ற சொல்லும்: வலைப்பக்க அட்டவணைக்கு .எக்ஸ்எல்எஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
- சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும்: பிடிஎஃப். பெயரை மாற்றினால் போதும்.
- இரண்டு புள்ளி வைத்த ஒய், பிறகு டபிள்யூபிசி: வேர்ட்பெர்ஃபெக்ட்.

முழுக் கோப்பும் வெற்றிடமாகத் தெரிந்தால் உள்ளே வெறும் பூஜ்ய பைட்டுகள் இருக்கலாம். டிஸ்க் கோளாறிலோ திடீர் மின்தடையிலோ இப்படி ஆகும். அளவு சரியாகக் காட்டும், உள்ளே சரக்கு இருக்காது. அதற்கு ஒரே வழி வேறு நகலைத் தேடுவது.

ஓஎல்இ என்று தெரிந்தால் இன்னும் ஒரு படி ஆழமாகப் போகலாம். 7-ஜிப் என்ற இலவச மென்பொருள் ஜிப்பை மட்டுமல்ல, ஓஎல்இ பெட்டகத்தையும் திறந்து காட்டும். கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 7-ஜிப், ஓப்பன் ஆர்க்கைவ் என்று போனால் உள்ளறைகளின் பெயர்கள் வரிசையாக வரும். "வேர்ட்டாக்குமென்ட்" என்ற அறையும், கூடவே "0டேபிள்" அல்லது "1டேபிள்" என்ற அறையும் இருந்தால் வேர்ட் 97 அல்லது அதற்குப் பிந்தையது. டேபிள் அறை இல்லாமல் "வேர்ட்டாக்குமென்ட்" மட்டும் இருந்தால் வேர்ட் 6 அல்லது 95. எக்ஸெலில் "ஒர்க்புக்" என்றால் 97க்குப் பிந்தையது, வெறும் "புக்" என்றால் 5.0 அல்லது 95. இரண்டும் சேர்ந்தே இருந்தால், அந்தக் காலத்தில் இரண்டு பதிப்புக்கும் பொதுவாகச் சேமித்தது.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. பெயர் .டாக்எக்ஸ், ஆனால் தொடக்கம் பிகே அல்ல, ஓஎல்இ. உடனே பெயரை .டாக் என மாற்ற வேண்டாம். 7-ஜிப்பில் பாருங்கள். "என்கிரிப்டட்பேக்கேஜ்" என்ற அறை இருந்தால் அது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய .டாக்எக்ஸ். புதிய ஃபார்மட் கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டினால் ஆபிஸ் அதைப் பழைய ஓஎல்இ பெட்டகத்துக்குள்தான் வைக்கிறது. கடவுச்சொல் தெரிந்தால் திறக்கும். தெரியாவிட்டால் எந்த ரிப்பேரும் உதவாது.

படி 2: "ஃபைல் பிளாக்" என்று சொன்னால்

"டிரஸ்ட் சென்டரின் ஃபைல் பிளாக் அமைப்புகளால் இந்த வகைக் கோப்பு தடுக்கப்பட்டுள்ளது" என்ற செய்தி வந்தால் நிம்மதியாக இருங்கள். கோப்பு நன்றாகவே இருக்கிறது. வேர்ட் அதை அடையாளம் கண்டுகொண்டுதான் தடுத்திருக்கிறது. மிகப் பழைய ஃபார்மட்களைப் படிக்கும் நிரல்பகுதிகளில் இருக்கும் ஓட்டைகளைத் தாக்குபவர்கள் பயன்படுத்தியதால், ஆபிஸ் 2003இன் மூன்றாம் சர்வீஸ் பேக் தொடங்கி மைக்ரோசாஃப்ட் இப்படித் தடுத்து வருகிறது.

தளர்த்தும் வழி: ஃபைல், ஆப்ஷன்ஸ், டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், ஃபைல் பிளாக் செட்டிங்ஸ். அங்கே வேர்ட் 2, வேர்ட் 6, வேர்ட் 95 என்று ஒவ்வொரு வகைக்கும் ஓப்பன், சேவ் என இரண்டு கட்டங்கள் இருக்கும். ஓப்பன் கட்டத்தில் டிக் இருந்தால் தடை. கீழே மூன்று தேர்வுகள்: திறக்கவே கூடாது, புரொடெக்டட் வியூவில் (படிக்க மட்டும் விடும் பாதுகாப்பான முறை) மட்டும் திறக்கலாம், புரொடெக்டட் வியூவில் திறந்து திருத்தவும் விடலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். டிக்கை அடியோடு எடுத்துவிடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு, ஆனால் அது தேவையில்லை. தடையை எடுத்துவிட்டு மறந்துபோனால், நாளை மின்னஞ்சலில் வரும் நச்சுக் கோப்பும் அதே வழியில் நுழையும். எக்ஸெலுக்கும் பவர்பாயின்டுக்கும் தனித்தனியாக இதே பக்கம் இருக்கிறது. வேர்டில் மாற்றினால் அங்கே மாறாது.

நூற்றுக்கணக்கில் பழைய கோப்புகள் இருந்தால் வேறு வழி வசதி. அதே டிரஸ்ட் சென்டரில் டிரஸ்டட் லொக்கேஷன்ஸ் பகுதிக்குப் போய், கோப்புகளை வைத்திருக்கும் ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். அங்கிருந்து திறப்பவற்றுக்கு ஃபைல் பிளாக் சோதனை கிடையாது. ஆனால் அந்த ஃபோல்டரில் மேக்ரோக்களும் கேட்காமலே ஓடும். வைரஸ் சோதனை முடித்தவற்றை மட்டும் அதில் போட்டு, வேலை முடிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அலுவலகக் கணினியில் இந்தக் கட்டங்கள் மங்கிப்போய் கிளிக் செய்ய முடியாமல் இருந்தால், நிர்வாகக் கொள்கை வழியாகப் பூட்டியிருக்கிறார்கள். ஐடி பிரிவிடம்தான் கேட்க வேண்டும். மேக் வேர்டில் இப்படித் தளர்த்தும் பக்கமே இல்லை. அங்கே நேராகப் படி 5க்குப் போய்விடுங்கள்.

படி 3: தரவிறக்கிய கோப்பு என்பதால் வரும் முரண்டு

மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்த கோப்புக்கு விண்டோஸ் ஒரு கண்ணுக்குத் தெரியாத முத்திரை குத்துகிறது. அதைப் பார்த்துத்தான் ஆபிஸ் புரொடெக்டட் வியூவுக்குப் போகிறது. சில நேரம் பழைய கோப்புகள் அங்கே தடுக்கி விழுந்து "கோப்பைத் திறக்க முயன்றபோது பிழை ஏற்பட்டது", "கோப்பு சிதைந்துள்ளது" என்று வரும். கோப்பில் வலது கிளிக், புராப்பர்டீஸ், ஜெனரல் தாவலின் அடியில் அன்பிளாக் என்ற கட்டம். டிக் செய்து ஓகே. அனுப்பியவரை நம்பினால் மட்டும் செய்யுங்கள். ஜிப்பில் வந்த கோப்புக் கூட்டம் என்றால், பிரிப்பதற்கு முன் ஜிப்பையே அன்பிளாக் செய்தால் ஒவ்வொன்றாகச் செய்யும் வேலை மிச்சம்.

படி 4: எக்ஸெலின் இரண்டு தனி வியாதிகள்

"கோப்பின் ஃபார்மட்டும் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை" என்பது முதலாவது. பெரும்பாலும் கணக்கு மென்பொருளோ வலைத்தளமோ எச்டிஎம்எல் அட்டவணையை அல்லது தாவல் பிரித்த எழுத்துக் கோப்பை .எக்ஸ்எல்எஸ் என்ற பெயரில் ஏற்றுமதி செய்திருக்கும். படி 1இல் பார்த்தது எச்டிஎம்எல் என்றால், யெஸ் பொத்தானை அழுத்தித் திறந்து, சேவ் ஆஸ் மூலம் எக்ஸெல் ஒர்க்புக் ஆகச் சேமித்தால் முடிந்தது. எழுத்துக் கோப்பு என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். நேரடியாகத் திறந்தால் 00457 என்ற எண் 457 ஆகிவிடும், நீண்ட கணக்கு எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும். ஏனென்றால் எக்ஸெல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் வைத்துக்கொள்வதில்லை. பதிலாக, பெயரை .சிஎஸ்வி என மாற்றி, வெற்று ஒர்க்புக்கில் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் வகையாக வையுங்கள். தமிழ் எழுத்துகள் குப்பையாக வந்தால் அதே திரையில் ஃபைல் ஆரிஜின் என்பதில் 65001, அதாவது யுடிஎஃப்-8, தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது வியாதி விசித்திரமானது. சாதாரண சிஎஸ்வி கோப்பைத் திறந்தால் "இது சில்க் கோப்பு, ஆனால் ஏற்ற முடியவில்லை" என்று எக்ஸெல் சொல்லும். காரணம், கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள் பெரிய எழுத்தில் ஐ, டி. அடையாள எண் நெடுவரிசைக்கு அப்படித்தானே தலைப்பு வைப்பார்கள்! சில்க் என்ற பழைய ஃபார்மட்டும் அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் என்பதால் எக்ஸெல் ஏமாந்துபோகிறது. நோட்பேடில் திறந்து அவற்றைச் சிறிய எழுத்தாக மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும். நோட்பேடில் சேமிக்கலாம் என்று சொல்வது இந்த ஒரு இடத்தில்தான், அதுவும் இது எழுத்துக் கோப்பு என்பதால்.

படி 5: மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் கைவிட்ட ஃபார்மட்கள்

லோட்டஸ் 1-2-3, ஒர்க்ஸ், வேர்ட்பெர்ஃபெக்ட், பழைய மேக் கோப்புகள் போன்றவற்றுக்கு முதலில் முயல வேண்டியது லிப்ரே ஆபிஸ் என்ற இன்னொரு ஆபிஸ் தொகுப்பு. இலவசம். மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் இருக்கும் கணினியிலேயே அதையும் நிறுவலாம், ஒன்றுக்கொன்று தொந்தரவு செய்யாது. நிறுவும்போது .டாக், .எக்ஸ்எல்எஸ் கோப்புகளுக்கு அதை இயல்பு மென்பொருளாக்கும் தேர்வை மட்டும் விட்டுவிடுங்கள். பிறகு அதன் உள்ளிருந்தே ஃபைல், ஓப்பன் என்று திறக்க வேண்டும். வேர்ட் 6, 95 கோப்புகளையும் அது எந்தத் தடையும் சொல்லாமல் திறக்கும்.

.டபிள்யூபிஎஸ் என்ற எக்ஸ்டென்ஷனில் ஒரு பொறி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஒர்க்ஸின் ஆவணமும் .டபிள்யூபிஎஸ், கிங்சாஃப்டின் டபிள்யூபிஎஸ் ஆபிஸ் ரைட்டரும் .டபிள்யூபிஎஸ். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2000ஐ ஒட்டிய வீட்டுக் கணினியிலிருந்து வந்தது என்றால் ஒர்க்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம், லிப்ரே ஆபிஸ் திறக்கும். கிங்சாஃப்டுடையது என்றால், உள்ளமைப்பு வேர்டின் .டாக் போன்றது என்பதால் நகலின் பெயரை .டாக் என்று மாற்றினாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

எக்ஸ்டென்ஷனே இல்லாத கோப்புகள் பெரும்பாலும் பழைய மேக்கிலிருந்து வந்தவை. அந்தக் கணினிகள் கோப்பின் வகையைப் பெயரில் எழுதாமல் தனிக் குறியீடாக வைத்திருந்தன. விண்டோஸுக்கு நகலெடுத்தபோது அந்தக் குறியீடு விட்டுப்போயிற்று. பெயர் எதையும் ஊகித்து ஒட்டாமல் அப்படியே லிப்ரே ஆபிஸில் திறந்து பாருங்கள். அது உள்ளடக்கத்தை வைத்தே வகையைக் கண்டுபிடிக்கும்.

பவர்பாயின்ட் 95உம் அதற்கு முந்தையவையும் கொஞ்சம் பிடிவாதம். லிப்ரே ஆபிஸிலும் வரவில்லை என்றால், பவர்பாயின்ட் 97 அல்லது 2000 உள்ள பழைய கணினியில் திறந்து 97-2003 வகையாகச் சேமிப்பதே நம்பகமான வழி. இணையத்தில் "பழைய வேர்ட் வியூவர்", "கம்பாட்டிபிலிட்டி பேக்" என்று கிடைப்பவற்றை இறக்க வேண்டாம். வேர்ட் வியூவரை மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரிலும், கம்பாட்டிபிலிட்டி பேக்கை 2018 ஏப்ரலிலும் ஓய்வுபெறச் செய்துவிட்டது. இப்போது மூன்றாம் தளங்களில் இருக்கும் நகல்களுக்கு யாரும் பொறுப்பல்ல. ஆவணத்தை ஏற்றினால் மாற்றித் தரும் ஆன்லைன் சேவைகளில் சம்பளப் பட்டியலையும் பத்திர நகலையும் போடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 6: உண்மையிலேயே சிதைந்திருந்தால்

மேலே உள்ள எதுவும் பலிக்கவில்லை என்றால்தான் ரிப்பேர். வேர்டில் ஃபைல், ஓப்பன், பிரவுஸ் போய்க் கோப்பை ஒருமுறை கிளிக் செய்து தேர்ந்தெடுங்கள். ஓப்பன் பொத்தானின் ஓரத்திலுள்ள சிறு அம்பை அழுத்தினால் ஓப்பன் அண்ட் ரிப்பேர் வரும். எக்ஸெலிலும் இதே இடம். அங்கே ரிப்பேர், எக்ஸ்ட்ராக்ட் டேட்டா என இரண்டு வாய்ப்பு. முதலாவது தோற்றால் இரண்டாவது, சூத்திரங்களைக் கைவிட்டு மதிப்புகளையாவது மீட்க முயலும்.

பழைய .டாக் என்றால் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. ஓப்பன் திரையின் கோப்பு வகைப் பட்டியலில் "ரெக்கவர் டெக்ஸ்ட் ஃப்ரம் எனி ஃபைல்" என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால், வடிவமைப்பு, படம், அட்டவணைக் கோடு எல்லாம் போய், எழுத்து மட்டும் வரும். தலையிலும் வாலிலும் குப்பை இருக்கும், வெட்டி எறியுங்கள். பத்திகள் முன்பின்னாகவோ, என்றோ நீக்கிய வரிகள் திரும்பவோ வந்தால் வியக்க வேண்டாம். பழைய வேர்டில் ஃபாஸ்ட் சேவ் என்ற வசதி இருந்தது. மாற்றங்களைக் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும், பழையதை அழிக்காது. மீட்ட உரையை யாருக்காவது அனுப்பும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

.டாக்எக்ஸ் வகை சிதைந்தால் வேறு மாதிரி அணுக வேண்டும். ஜிப்பின் பொருளடக்கம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. தரவிறக்கம் 95 சதவீதத்தில் நின்றிருந்தாலும் அந்தப் பொருளடக்கம் இல்லாததால் வேர்ட் மொத்தத்தையும் நிராகரிக்கும். 7-ஜிப் அப்படிப்பட்ட பாதிக் கோப்பிலிருந்தும் வந்து சேர்ந்தவற்றைப் பெரும்பாலும் பிரித்தெடுக்கும். உள்ளே வேர்ட் என்ற ஃபோல்டரில் டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல் என்பதுதான் உங்கள் உரை, மீடியா ஃபோல்டரில் படங்கள் ஆவணத்தில் சேமித்த தரத்திலேயே இருக்கும். எக்ஸெலில் ஒரு சூட்சுமம்: தாள்களின் எக்ஸ்எம்எல்லில் எண்கள் மட்டுமே நேராக இருக்கும். எழுத்துகள் பெரும்பாலும் ஷேர்ட்ஸ்டிரிங்ஸ்.எக்ஸ்எம்எல் என்ற தனிக் கோப்பில் இருக்கும், தாளில் அதன் வரிசை எண்தான் காணப்படும்.

வேர்ட் "பகுதி: டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல், வரி 2, நெடுவரிசை இத்தனை" என்று இடத்தையே சொன்னால் அதிர்ஷ்டம். அந்தக் கோப்பை நோட்பேட்++இல் திறந்து அந்த இடத்துக்குப் போனால், தொடங்கிய டேக் (கோண அடைப்புக்குள் வரும் குறி) ஒன்றும் முடிந்த டேக் வேறொன்றுமாக முறை மாறி இருக்கும். வேர்ட் 2007, 2010 காலத்தில் சமன்பாடும் வரைபடமும் ஒரே பத்தியில் இருந்த ஆவணங்களில் இது பரவலாக நடந்தது. டேக் வரிசையைச் சரிசெய்த பிறகு மீண்டும் ஜிப் ஆக்கும்போது பலர் சறுக்குகிறார்கள். வெளி ஃபோல்டரை ஜிப் செய்யக் கூடாது. அதற்குள் போய், அங்கிருக்கும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்து, பெயரை .டாக்எக்ஸ் ஆக்க வேண்டும். கன்டென்ட் டைப்ஸ் என்ற கோப்பு ஜிப்பின் முதல் மட்டத்தில் இல்லாவிட்டால் வேர்ட் அதை ஆவணமாகவே மதிக்காது.

படி 7: திறந்தது, ஆனால் உள்ளே எல்லாம் தவறு

தமிழ் ஆவணங்களில் மிக அதிகமாக வரும் புகார் இது. கோப்பு பிழையின்றித் திறக்கும், எழுத்துகள் மட்டும் புரியாது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவும் முன் பாமினி, டிஸ்கி, டாப், டாம், வானவில் என்று ஒவ்வொரு எழுத்துரு முறையும் ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ பிற குறிகளின் இடத்திலோ தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தது. பாமினியில் "தமிழ்" என்று அடித்த சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற சிறிய ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. எனவே சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி சிதறிக் கிடந்தால் பாமினி என்று தைரியமாகச் சொல்லலாம்.

குழப்பமான உரையில் கர்சரை வைத்து, ஹோம் தாவலின் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே அப்படியே இருக்கும். வாசித்தால் மட்டும் போதும் என்றால் அந்த எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். தேடவும் திருத்தவும் வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. முழு ஆவணத்தையும் ஒரே மூச்சில் மாற்றினால், இடையிலுள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டின் ஃபைண்ட் பெட்டியில் ஃபார்மட், ஃபான்ட் என்று போய் பழைய எழுத்துருவின் பெயரைக் கொடுத்துத் தேடினால் அந்தப் பகுதிகள் மட்டும் அகப்படும். அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பழைய சமன்பாடுகள் தெரிகின்றன, இரட்டைக் கிளிக் செய்தால் திருத்த முடியவில்லை என்றால், ஈக்வேஷன் எடிட்டர் 3.0ஐப் பாதுகாப்பு ஓட்டை காரணமாக 2018 ஜனவரியில் ஆபிஸிலிருந்து நீக்கிவிட்டார்கள். புதிய வேர்ட் அவற்றை மாற்றித்தர முன்வரும், இல்லையேல் மேத்டைப் என்ற சமன்பாட்டு மென்பொருள் தேவை. படம் இருக்க வேண்டிய இடத்தில் "குவிக்டைமும் டிஃப் டிகம்ப்ரஸரும் தேவை" என்ற வாசகம் நின்றால், மேக் வேர்டில் ஒட்டிய படம் அது. மேக்கில் திறந்து படத்தை பிஎன்ஜியாக மாற்றி ஒட்ட வேண்டும். பக்க எண்ணிக்கை மாறியிருந்தால் எழுத்துரு மாற்றீடு, லெட்டர் தாளுக்கும் ஏ4க்கும் உள்ள வித்தியாசம் என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

எக்ஸெலில் தேதிகள் எல்லாம் சரியாக 4 வருடம் 1 நாள் தள்ளியிருந்தால் பதறாதீர்கள். பழைய மேக் எக்ஸெல் தேதிகளை 1904இலிருந்து எண்ணியது, விண்டோஸ் 1900இலிருந்து. வித்தியாசம் 1,462 நாள். கோப்பைத் திறக்கும்போது எக்ஸெல் இதைத் தானாகவே கவனித்துக்கொள்ளும். ஒரு ஒர்க்புக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்து ஒட்டும்போதுதான் தேதி நகர்கிறது. வெற்றுக் கலம் ஒன்றில் 1462 என்று அடித்து, அதை நகலெடுத்து, தேதிகளின் மேல் பேஸ்ட் ஸ்பெஷலில் ஆட் அல்லது சப்ட்ராக்ட் கொடுத்தால் நேராகிவிடும்.

படி 8: புதிய ஃபார்மட்டுக்கு மாற்றுவது

திறந்துவிட்டது என்றால் அத்தோடு விடாமல் மாற்றிவையுங்கள். தலைப்புப் பட்டையில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்றிருந்தால் ஃபைல், இன்ஃபோ, கன்வர்ட். இந்தக் கன்வர்ட் பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை அதன் இடத்தில் வைக்கும். நகலில் வேலை செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழையதும் வேண்டுமென்றால் சேவ் ஆஸ். மேக்ரோ இருக்கும் கோப்பை .டாக்எம், .எக்ஸ்எல்எஸ்எம் என்றே சேமிக்க வேண்டும். .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று கொடுத்தால் எக்ஸெல் ஒருமுறை எச்சரித்துவிட்டு மேக்ரோவை உதறிவிடும்.

எக்ஸெலில் சேவ் ஆஸ் செய்த பிறகும் வரிசைகள் 65,536உடனேயே நிற்கிறதே என்று சிலர் திகைப்பார்கள். கோப்பை மூடித் திரும்பத் திறந்தால்தான் 10,48,576 வரிசைகளும் 16,384 நெடுவரிசைகளும் கிடைக்கும். நெடுவரிசைகள் பெருகியதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. பழைய கோப்பில் ஒரு கலத்துக்கு டிஏஎக்ஸ்2010 என்று பெயர் வைத்திருந்தீர்கள் என்றால், புதிய எக்ஸெலில் அது ஒரு நிஜமான கல முகவரி. எக்ஸெல் அந்தப் பெயருக்கு முன் அடிக்கோடு ஒன்றைச் சேர்த்துவிடும், சூத்திரங்களையும் திருத்திக்கொள்ளும். ஆனால் இன்டைரக்ட் சூத்திரத்தில் மேற்கோளுக்குள் இருக்கும் பெயரையும், மேக்ரோவில் எழுதிய பெயரையும் அது தொடாது. அவற்றை நீங்களே தேடி மாற்ற வேண்டும்.

மொத்தமாக மாற்ற லிப்ரே ஆபிஸில் ஃபைல், விசார்ட்ஸ், டாக்குமென்ட் கன்வர்ட்டர் இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதிலுள்ள எல்லா .டாக், .எக்ஸ்எல்எஸ், .பிபிடி கோப்புகளையும் ஓப்பன் டாக்குமென்ட் வகைக்கு மாற்றி இன்னொரு ஃபோல்டரில் வைக்கும். முதலில் ஐந்தாறு கோப்புகளில் ஓட்டிப் பாருங்கள். பெரிய அட்டவணை, அடிக்குறிப்பு, படம், சூத்திரம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, மூலத்தையும் மாற்றியதையும் திரையில் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எக்ஸெல் என்றால் ஒவ்வொரு தாளின் கூட்டுத்தொகையும் இரண்டிலும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்த பிறகே மீதியை ஓட்டுங்கள்.

கையெழுத்துப் போட்டு முடிந்த கடிதம், தீர்ப்பு, சான்று போல இனி திருத்தப்படாத ஆவணங்களுக்குக் கூடவே ஒரு பிடிஎஃப்/ஏ (நெடுங்காலம் சேமிப்பதற்கான பிடிஎஃப் வகை) நகலும் எடுங்கள். வேர்டில் சேவ் ஆஸ் பிடிஎஃப் கொடுத்து, ஆப்ஷன்ஸில் பிடிஎஃப்/ஏ என்ற கட்டத்தை டிக் செய்தால் எழுத்துருக்களும் உள்ளேயே பதிந்துவிடும். பழைய .டாக் மூலத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நீக்க வேண்டாம். மாற்றியதில் விட்டுப்போன ஒரு படமோ அடிக்குறிப்போ ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும்.